வடமேற்குக் காற்று

ஏப்ரல் 6
தெற்குக் காற்று, தாழ்ந்த மேகம், தண்ணீர் 49 டிகிரி பாரன்ஹீட். பாரோமீட்டர் இறங்க இறங்க வால்ஐ மீன் வெறி பிடித்துக் கடித்தது. மௌமி ஆற்றில் புளூகிராஸ் தீவோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்ற அத்தனை பேர் தூண்டில் கம்பும் வளைந்தது. பெரும்பாலும் ஆண் மீன்கள். டொலீடோவிலிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 7
இடி, மழை. போகவில்லை.

ஏப்ரல் 8
காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது. துளி மேகம் இல்லாத நீலம். தண்ணீர் 43. மௌமி முழுக்கக் கலங்கல். வாட்டர்வில் நீர்மட்ட அளவுமானி ஏறுமுகம், தீவுப் பக்கம் போகவே கூடாது. கரையிலிருந்தே வீசினேன். ஒரு கடிகூட இல்லை.

போனை பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு வைத்திருக்கிறேன். அதிர்வது போலவே இருக்கிறது, எடுத்தால் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9
தூக்கம் இல்லை. மீன் எங்கே போயிருக்கும் என்றே மனம் ஓடுகிறது.

ஈரி ஏரியில் என்றால் குளிர் வந்ததும் இரண்டு மூன்று நாள் அடியில் படுத்துவிடும். ஆற்றில் அப்படிப் படுக்க முடியாது, நீரோட்டம் விடாது. எங்காவது ஒதுங்கியே ஆக வேண்டும். வெளிச்சத்துக்குக் கூசும் கண் வேறு. அப்படியானால் ஆழத்தில், வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டில்தான் நிற்கும். ஆர்லியன்ஸ் பூங்காப் பக்கம் பார்க்கலாம். முட்டையிட வந்த மீனுக்குப் பசி பெரிதில்லை. மூக்குக்கு நேரே மெதுவாக வந்தால்தான் வாய் திறக்கும். தூண்டிலின் ஈயக்குண்டைக் குறைத்து, கல்லைத் தட்டித் தட்டி உருள விட வேண்டும். இருட்டில் கடிக்குமே என்று தோன்றுகிறது. ஆனால் மார்ச், ஏப்ரலில் சூரியன் மறைந்ததும் தூண்டிலைச் சுருட்டுவதுதான் இங்கே சட்டம். நல்ல சட்டம்.

இவள் ஒன்றும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. சமையலறை விளக்கு மட்டும் இரவெல்லாம் எரிகிறது.

ஏப்ரல் 10
இன்றும் இல்லை. எதுவும்.

ஏப்ரல் 11
கோடு சரிதான்! சாயங்காலம் ஈயம் கல்லில் தட்டுவது நின்றது, நரம்பு கனத்தது, அவ்வளவுதான். கடி என்று சொல்லவே முடியாது. ஆண் மீன், பதினேழு அங்குலம், வாயின் ஓரத்தில் தூண்டில் முள்.

அப்புறம் ஒரு பெரிய பெண் மீன். முள் முதுகுத் துடுப்பில் மாட்டியிருந்தது. வாயில் மாட்டாத மீனை விட்டுவிட வேண்டும், சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். வயிறு இறுகி உப்பியிருந்தது, முட்டை இன்னும் இறங்கவில்லை. உப்புத்தாள் போலச் செதில், பால் படர்ந்தது மாதிரிக் கண், வால் கீழ்நுனியில் அந்த வெள்ளை. தண்ணீருக்குள்ளேயே பிடித்து நிறுத்தினேன். செவுள் இரண்டு தரம் விரிந்தது, பிறகு ஒரே உதறல்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். கை எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தது என்று கேட்டு, இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 12
காற்று தென்மேற்கு, தண்ணீர் 45. நாளை விடியும்போதே பட்டன்வுட் கரைக்குப் போகலாம் என்று ஜிக் தூண்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பத்தரைக்குப் போன் வந்தது. இவளே எடுத்துப் பேசினாள். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வர வேண்டுமாம்.