மார்ட்டினி ஹென்றிக் கோதும் எங்கட லேத் மாமாவும்

ரொறன்ரோவில இருக்கிற மச்சானுக்கு பழைய துவக்குப் பைத்தியம். இப்ப கையில இருக்கிறது மார்ட்டினி ஹென்றி, 1871ல பிரிட்டிஷ் ஆமி எடுத்தது, 1879ல தென்னாபிரிக்காவில நடந்த சூலு சண்டையில பாவிச்சது. துவக்கு எப்பிடியோ கிடைச்சிட்டுது, அதுக்குப் போடுற கோது, அதுதான் மருந்தும் குண்டும் அடைக்கிற பித்தளைக் கூடு, லேசில கிடைக்காது, கிடைச்சாலும் யானை விலை, அதால கராஜிலயே செய்யிறான். (இஞ்ச வளவு கொத்தேக்க ஒரு வெறுங்கோது வந்தாலே பொலிசுக்குச் சொல்லுறதோ திருப்பித் தாட்டுவிடுறதோ எண்டு யோசிக்கிற சனம் நாங்கள், நான் வட்சப்பில படம் பாக்கிறதோட சரி.)

மாமா, அதுதான் அவன்ர தகப்பன், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி றோட்டில லேத் (கடைசல் மெசின்) வச்சிருக்கிறார். ஏன் மாமா இவ்வளவு கரைச்சல், பித்தளை றொட்டில கடைஞ்சு அனுப்பிவிடுங்கோவன் எண்டு கேட்டன். "கடையிற பித்தளை வேற தம்பி, அதுக்குள்ள ஈயம் இருக்கு, அதுதான் பிசிறு பொடிப்பொடியா உதிருது. புஷ் (தண்டு சுத்துற உள் வளையம்) அடிக்க நல்லம், ஆனா இழுபடாது" எண்டார்.

விசயமே அந்த இழுபடுறதிலதான். வெடிக்கேக்க கோது வீங்கி குழலோட இறுகி புகை பின்னால வராமப் பாக்கோணும், பிறகு கொஞ்சம் சுருங்கி வெளிய வரவும் வேணும். அதுக்கு 70 பங்கு செம்பு 30 பங்கு நாகம் (சிங்க்) கலந்த பித்தளைதான் சரி. இந்தத் துவக்குக்கு முதல் வந்த கோதுகள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது, சூடேறினா உள்ளுக்க ஒட்டிக்கொண்டு அடி மட்டும் பிஞ்சு வந்திடுமாம், சண்டைக்கு நடுவில யோசிச்சுப் பாருங்கோ.

மச்சான் எடுக்கிறது 24 கேஜ் பித்தளை வேட்டைத் துவக்குக் கோது, கழுத்தை அச்சுக்குள்ள விட்டு கொஞ்சம் கொஞ்சமா நசுக்கிறான். சைக்கிள் கம்பியை வளைச்சு வளைச்சு நிமித்தினா முறியிற மாதிரி ஒவ்வொரு நசுக்கலுக்கும் பித்தளை விறைக்கும், இடையில சூடு காட்டி இளக்காட்டி கழுத்தில மயிர் மாதிரிக் கோடு விழும். சூடு கழுத்துக்கு மட்டும்தான், அடி இளகினா அழுத்தம் தாங்காது, முகத்துக்கு நேர வெடிக்கும், அதால அடியைத் தண்ணிக்குள்ள நிக்க வச்சுத்தான் சூடு காட்டுறது. உருக்கு இரும்பெண்டா காய்ச்சித் தண்ணிக்குள்ள போட விறைக்கும், பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை.

இளக்காம விட்டா என்ன நடக்குமெண்டு வெள்ளைக்காரனே இந்தியாவில பட்டவன். மாரி காலத்தில குதிரை லாயத்துப் பக்கம் வச்சிருந்த கோதுகள் சுடாமலே பிளந்து போச்சுது, மூத்திரத்தில இருந்து வந்த அமோனியாவும் ஈரமும் கோது செய்யேக்க உள்ளுக்க தங்கின இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை, 1921லதான் காரணத்தைச் சரியாக் கண்டுபிடிச்சவை. இதைச் சொல்ல மாமா உடன போனை வாங்கி, "டேய், உன்ர கராஜில அமோனியா போட்ட கிளீனர் கிடந்தா முதல் அதைத் தூக்கி வெளிய வை. பிறகு லைட்டை நூர்த்துப்போட்டுச் சூடாக்கு, வெளிச்சத்தில பித்தளை சூடேறுற நிறம் தெரியாது" எண்டு வொய்ஸ் அனுப்பினார்.

மச்சான் ஒரு கட்டை விரல் மட்டும் போட்டிருக்கிறான். கேட்டானோ தெரியாது, அடுத்த படத்தில கழுத்து வெடிச்சிருக்கா எண்டு பாத்தா விளங்கும்.