தாலினில் மாலை ஆறு மணி வகுப்பு

எஸ்டோனியாவில் ஐடி வேலை கிடைத்து வருபவர்களின் மனைவியோ கணவரோ என்ன வேலை பார்ப்பது என்று தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வழியைச் சொல்கிறேன். நான் எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கணவருடன் வாழ்வதற்கான குடியிருப்பு அனுமதி கையில் இருந்தால் வேலைக்கென்று தனி அனுமதி தேவையில்லை. இது பெரிய நிம்மதி. ஆனால் டிகிரி, திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் ஊரிலேயே அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசு முத்திரை, வாங்கிவிடுங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கும். தாலினில் உட்கார்ந்துகொண்டு ஊரில் யாரையாவது அலையவிடுவது பெரும்பாடு.

டிகிரியும் அனுபவமும் இருந்தும் முதலில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள்தான் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது. கோபம் வந்தது, இன்றும் அது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பை ஆன்லைனில் முடித்தேன். குறைந்தது 120 மணி நேரம், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், எழுதிக் கொடுக்க 4 கட்டுரைகள். காசு கூடுதல்தான். ஆனால் ஆசிரியர் பேச்சைக் குறைத்து மாணவரைப் பேசவைப்பது எப்படி என்பதை அங்கேதான் முறையாகக் கற்றேன். கல்லூரியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசிப் பழகிய நமக்கு அது வேறு உலகம்.

இங்கே யார் பெரியவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள்? இளைஞர்களுக்குத் தேவையில்லை, அவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள். 1991இல் சோவியத் யூனியனிடமிருந்து சுதந்திரம் திரும்பக் கிடைப்பதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் கட்டாயமாக ரஷ்யன் படித்தவர்கள். ஆங்கிலம் பலருக்குப் பெயரளவில்தான் கிடைத்தது. செவிலியர், கணக்காளர், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் என்று வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வருவார்கள். டிசம்பரில் மூன்றரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஈரமான கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, நோட்டைத் திறந்து, சத்தமே இல்லாமல் உட்கார்வார்கள்.

அந்த அமைதியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் நாலு பக்கமிருந்தும் பதில் வரும், தப்போ சரியோ. இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புரியவில்லை என்று அர்த்தமில்லை. வாக்கியம் மனதில் முழுதாகத் தயாராகும்வரை பேச மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தை நாம் பேசி நிரப்பினால் வகுப்பு கெட்டது. அதனால் கேள்வியைப் பலகையில் எழுதுவேன், தாளில் குறிப்பெடுக்கச் சொல்வேன், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்வேன், அதற்கப்புறம்தான் எல்லோர் முன்னாலும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "வெரி குட்" சொன்னால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எது சரி, ஏன் சரி என்று சொன்னால் உடனே எழுதிக்கொள்கிறார்கள்.

எஸ்டோனியர்களும் ரஷ்யன் பேசுபவர்களும் ஒரே குழுவில் இருப்பது உண்டு. அரசியலை நானாக எடுப்பதில்லை. செப்டம்பரில் காளான் பறிப்பதைப் பற்றிக் கேளுங்கள், வகுப்பே பேசும். எந்தக் காளான், எப்படி ஊறுகாய் போடுவது என்று எல்லாம் சொல்வார்கள். எந்தக் காட்டில் பறித்தோம் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்!

அடுத்தது ஆர்ட்டிகிள், அதாவது ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி'. எஸ்டோனியனில் வேற்றுமைகள் 14, ஆனால் ஆர்ட்டிகிள் கிடையாது. ரஷ்யனிலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவர் "காதுக்கு அப்படித்தான் சரியாகப் படுகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நாமும் அந்த விதியை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்று ஏறியவர்கள், அதனால் எந்தப் படியில் கால் இடறும் என்று தெரியும்.

தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். கடல் வழி சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். பயணிகளிடம் ஆங்கிலம் பேசியே ஆக வேண்டும். "ஐ ஒர்க் ஆன் ஷிப்" என்றார். பலகையில் துறைமுகம் வரைந்து பல கப்பல்களை நிறுத்தினேன். இத்தனையில் ஏதோ ஒன்று, அது 'எ ஷிப்'. அதையே வட்டமிட்டேன். இப்போது எது என்று நம் இருவருக்கும் தெரியும், இனி அது 'தி ஷிப்'. தலையாட்டினார். கொஞ்சம் கழித்து அவரே கேட்டார்: பால்டிக் கடலுக்கு 'தி' வருகிறது, எங்கள் பெய்ப்சி ஏரிக்கு ஏன் வரவில்லை? கடலுக்கும் ஆற்றுக்கும் வரும், தனி ஏரியின் பெயருக்கு வராது, எங்கள் காவிரிக்கும் உண்டு என்றேன். காவிரி எவ்வளவு நீளம் என்று அவர் கேட்க, சுமார் 800 கிலோமீட்டர் என்று நான் சொல்ல, அன்று பாடம் ஆறுகளிலேயே ஓடியது. எனக்கு மிகப் பிடித்த வகுப்புகளில் அதுவும் ஒன்று.

நானும் அரசு நடத்தும் இலவசத் தொடக்கநிலை எஸ்டோனியன் வகுப்புக்குப் போனேன். நானும் கடையில் எஸ்டோனியனில் கேட்கத் திணறுகிறேன் என்று தெரிந்ததும் மாணவர்கள் என்னிடம் இன்னும் தாராளமாகத் தப்பு செய்தார்கள். அந்த வகுப்புக்கு வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாகப் பணம். இங்கே பாட மணி என்றால் 45 நிமிடம், சம்பளமும் அந்தக் கணக்கில்தான். நிரந்தர வேலைக்குப் பதில் சேவை ஒப்பந்தம் தருவது சகஜம். அரசு தரும் ஐடி கார்டைக் கணினியில் செருகி 5 இலக்க பின் (PIN) எண்ணைத் தட்டினால் கையெழுத்து முடிந்தது. ஆனால் அந்த வகை ஒப்பந்தத்தில், மாதாமாதம் குறைந்தபட்ச அளவுக்காவது சமூக வரி கட்டப்பட்டால்தான் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். கோடையில் வகுப்புகள் குறையும், வருமானமும் குறையும், காப்பீடும் அறுந்துபோகலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் அந்த பின் எண்ணைத் தட்டுங்கள்.