ஜூலை 12 அன்று வராத கோப்பு

2011 அக்டோபரில் ஆறு வாரக் கேடிக்காகச் சென்னையிலிருந்து இங்கிலாந்தில் ஒரு வங்கிக்குப் போனேன். கேடி (KT, knowledge transfer) என்றால் எங்கள் கணினித் துறையில் எல்லாருக்கும் தெரியும். இதுவரை வேலையைப் பார்த்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். அப்புறம் அந்த வேலை சென்னையை ஒட்டிய சிறுசேரியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். அவருக்கு வேலை இருக்காது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா அந்த வங்கியின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் இருபத்தேழு வருடம் இரவு பேட்சை, அதாவது இரவில் மொத்தமாக ஓடும் கணக்கு வேலைகளைப் பார்த்தவர். பகலில் நடந்த வரவு செலவெல்லாம் நள்ளிரவுக்குப் பின் வரிசையாக ஓடி, கிளை திறக்கும் முன் ஒவ்வொரு கணக்கிலும் சரியான இருப்பு நிற்கவேண்டும். ஜாப் என்று நாங்கள் சொல்லும் தனித்தனிக் கணினி வேலைகள் ஆயிரக்கணக்கில், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கேடியை முடித்துக்கொடுத்தால்தான் அவருக்கு முழு இழப்பீட்டுத் தொகை என்பது மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் அவரிடம் கேள்வி கேட்கவே கூசியது. "இப்போது கேட்காவிட்டால் பிறகு நீதான் கஷ்டப்படுவாய்" என்று அவரே கேட்கவைத்தார்.

அது அரசு பங்கு வைத்திருந்த வங்கி. பெயர் வேண்டாம். 2008 நெருக்கடியில் பிரிட்டன் அரசு பல வங்கிகளைத் தூக்கி நிறுத்தியது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஒன்றுக்கே சுமார் 4,550 கோடி பவுண்டு போனது. எல்லாம் மக்களின் வரிப்பணம். அந்த அம்மாவும் வரி கட்டியவர். தான் கட்டிய பணத்தில் பிழைத்த நிறுவனம் தன்னை வெளியே அனுப்புகிறது என்பதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் காபி இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு, மெதுவாக. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வேலையை நம்பித்தான் நான் மேடவாக்கத்தில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தேன்.

அவரிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. கேடி ஆவணத்தில் எந்த ஜாப், எந்த நேரம், நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று இருக்கும். நோட்டில் இருந்தது வேறு: எந்த நாளில் எது வழக்கத்தை மீறும், ஏன். மதிய இடைவேளைகளில் முடிந்த அளவு கையால் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூன் மாதம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் பேட்ச் மென்பொருள் மாற்றம் ஒன்று தவறிப்போய், 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதன் கிளை நிறுவனமான அயர்லாந்தின் அல்ஸ்டர் வங்கியில் சீராக வாரக்கணக்கானது. இந்தியாவிலிருந்து அந்த வேலையைப் பார்த்தவர்கள்மீதுதான் முதலில் பழி விழுந்தது. எடின்பரோவில் இருந்த தன் குழுவின் பராமரிப்புப் பணியில்தான் பிழை நேர்ந்தது என்று வங்கியே பிறகு சொன்னது. கண்காணிப்பு அமைப்புகள் 2014-இல் அதற்கு விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. வேலை எந்த ஊரில் நடக்கிறது என்பதைவிட, ஒன்று தவறினால் திருப்பி எடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் என் கவலை.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 13 விடியற்காலை நாலரை. இங்கிலாந்தில் நள்ளிரவு. என் ஷிஃப்டில் ஒரு ஜாப் நின்றது. வடக்கு அயர்லாந்துக் கிளைகளிலிருந்து வரவேண்டிய கோப்பு வரவில்லை. 'அனுப்பும் குழுவைக் கூப்பிடு, காத்திரு' என்றது ஆவணம். கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. பின்னால் நூற்றுக்கணக்கான ஜாப்கள் வரிசையில் நிற்கின்றன. நான் எழுதிவந்த தாள்களைப் புரட்டினேன். 'ஜூலை 12, வடக்கு அயர்லாந்தில் மட்டும் வங்கி விடுமுறை. கோப்பு வராது. வெற்றுக் கோப்பை வைத்து ஓட்டு.'

மேலாளரை எழுப்பி அனுமதி வாங்கி ஓட்டினோம். ஏழு மணிக்கெல்லாம் பேட்ச் சரியாகிவிட்டது.

மிச்சமாகும் சம்பளத்தைக் கணக்குப் போட்டவர்கள் நோட்டில் இருந்த இந்தக் குறிப்பை எங்கே எழுதியிருப்பார்கள்? அந்த அம்மாவைப் போன்ற நாலைந்து பேரை இன்னும் இரண்டு வருடம் வைத்திருந்தால் வங்கி ஒன்றும் நொடித்துப்போயிருக்காது. மக்கள் பணத்தில் பங்கு வாங்கிய அரசாவது அதைக் கேட்டிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பின் நான்கு கேடிகளில் உட்கார்ந்துவிட்டேன், இரண்டில் கேட்பவனாக, இரண்டில் சொல்பவனாக. கேட்கும்போது என் முதல் கேள்வி, "இது எந்த நாளில் ஓடாது?" சொல்லும்போது, யாரும் கேட்காவிட்டாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறேன்.