எஸ்டர் பாடம்: புளித்தண்ணீரில் பிடிபட்டது

பிளஸ் டூ வேதியியலில் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்து உண்டாகும், பல நேரம் பழ மணம் வீசும் சேர்மம்) பகுதியை முதலில் மனப்பாடம்தான் செய்தேன். அமைல் அசிட்டேட் வாழைப்பழம், எத்தில் பியூட்டிரேட் அன்னாசி, ஆக்டைல் அசிட்டேட் ஆரஞ்சு. மறுநாள் கேட்டால் அன்னாசியும் ஆரஞ்சும் இடம் மாறியிருக்கும்.

செய்முறை வகுப்பில் அசிட்டிக் அமிலம், எத்தில் ஆல்கஹால், சில துளி அடர் கந்தக அமிலம் சேர்த்து வெந்நீரில் சூடாக்கினேன். அப்படியே முகர்ந்தேன். காடி நெடி மூக்கில் ஏறியதுதான் மிச்சம். (சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், கையால் விசிறி முகருங்கள்.) சோடியம் கார்பனேட் கரைசலில் ஊற்ற வேண்டும் என்ற கடைசி வரியை நான் படிக்கவில்லை. ஊற்றியதும் நுரை பொங்கியது, நெடி அடங்கியது, பழ மணம் எழுந்தது.

எஸ்டர் உண்டாவது மீள்வினை, அதாவது இரு திசையிலும் நடக்கும் வினை என்பதால் அமிலம் முழுதாகத் தீராது. மிஞ்சியதைக் கார்பனேட் உப்பாக்குகிறது. உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. பாம்பனில் எங்கள் வீட்டில் அம்மா சாளை மீனைப் புளித்தண்ணீரில் அலசும்போது இதுதான் நடக்கிறது என்று அன்று மாலைதான் உறைத்தது. கவிச்சி அடிப்பது அமீன்கள், அவை காரம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அவற்றை உப்பாக்கிவிடுகிறது. அங்கே அமிலம் காரத்தை அடக்குகிறது, லேபில் காரம் அமிலத்தை. அதன்பிறகு கார்பனேட் படியை நான் மறந்ததே இல்லை.

பெயர்களுக்கும் ஒரு வழி உண்டு. முன்பாதி ஆல்கஹால், பின்பாதி அமிலம். பியூட்டிரிக் அமிலம் கெட்டுப்போன வெண்ணெய் போல நாறும். எத்தில் ஆல்கஹாலோடு சேர்ந்தால் அன்னாசி மணம்! கல்யாணப் பந்தியில் அன்னாசி கேசரி சாப்பிடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். உண்மையான பழத்தில் பல சேர்மங்கள் கலந்து மணக்கின்றன, அதனால் ஒற்றை எஸ்டர் மட்டும் பழத்தின் முழு மணத்தைத் தராது.

"எஸ்டர் ஏன் எளிதில் ஆவியாகிறது?" என்று கேட்டால் கொதிநிலையோடு எழுதுங்கள். அசிட்டிக் அமிலம் 118 டிகிரி செல்சியஸ். அதைவிட எடை கூடிய எத்தில் அசிட்டேட் 77 தான். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பை எஸ்டர் மூலக்கூறுகள் தங்களுக்குள் போட முடியாததே காரணம்.

வினைவழிமுறை (வினை படிப்படியாக நடக்கும் விதம்) கேட்டால், நீராக வெளியேறுவது அமிலத்தின் ஹைட்ராக்சில் (OH) தொகுதி என்று காட்டுங்கள். ஆல்கஹாலின் ஆக்சிஜன் எஸ்டரிலேயே தங்கிவிடும். நான் இதைத் தலைகீழாக எழுதி மாடல் தேர்வில் மதிப்பெண் இழந்தேன்.