மஞ்சள் டப்பாவும் என் கணையமும்

வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சே விட முடிந்தது. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி எகிறியிருந்தது, சிடி ஸ்கேனில் கணையத்துக்குள் கற்கள். நாள்பட்ட கணைய அழற்சி என்றார்கள். ட்ரிப் போட வந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களாக்கா?" நம் தென்னிந்தியப் பக்கம் குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று அப்புறம் எத்தனை பேருக்குச் சொன்னேனோ, கணக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் என்னைத் தேடி வந்தது. பெரியப்பா மஞ்சளும் மிளகும் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பாலோடு வந்து நின்றார். ஆடை மிதக்கும் பால் எனக்கு ஆகாது என்றால் முகம் சுருங்கிவிடும். தம்பி டப்பாவே வாங்கி வந்தான்: மஞ்சளின் குர்குமின் 500 மி.கி., மிளகின் பிப்பரின் 5 மி.கி. சரி என்று பதினைந்து நாள் விழுங்கினேன். வலி வந்த நாள்களைக் காலண்டரில் சுழித்தேன். போன மாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். எலிகளுக்கு அழற்சியை வரவழைத்துக் குர்குமின் கொடுத்தால் வீக்கம் குறைகிறது. மனிதர்களிடம்? என் நோய் உள்ள 20 பேரை வைத்து மணிப்பாலில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கும் அதே 500, அதே 5, ஆறு வாரம். ரத்த அணுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் குறைந்தன. வலி குறையவில்லை. என் காலண்டரும் அதையேதான் சொன்னது!

டப்பாவை ஒரு சித்த மருத்துவரிடம் காட்டினேன். சூரணம் எழுதித் தருவார் என்று நினைத்தால், "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் அவ்வளவாக ஒட்டாது, அதனால்தான் மிளகுச் சத்து. ஆனால் அந்த மிளகுச் சத்து வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடுமாம். "இதை நிறுத்துங்க. உங்க டாக்டர் கொடுத்த என்சைம் கேப்சூலை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

கணையம் சுரக்க வேண்டிய செரிமான நொதிகளை வெளியிலிருந்து தரும் அந்தக் கேப்சூல் உண்மையிலேயே வேலை செய்கிறது. சாப்பிட உட்காரும்போது போட மறந்தால் மறுநாள் கழிவறையில் செரிக்காத எண்ணெய் மிதக்கும்.

டப்பா பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. பெரியப்பா வரும் நாளில் மட்டும் எடுத்து மேசைமேல் வைப்பேன்.