கீழே போய்ப் பேசலாம்

"மௌலிவாக்கத்துல செத்தது 61 பேர் சார். உங்களுக்கு எத்தனை பேர் வேணும்?"

இதைச் சொன்னவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஒரே சைட், ஏறக்குறைய ஒரே சம்பளம். நான் எக்ஸிக்யூஷன், வேலையை நடத்துகிறவன்; அவர் க்யூ.சி., தரம் பார்க்கிறவர். சொன்ன இடம் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த மூன்றாம் மாடி ஸ்லாப். மேஸ்திரி, வைப்ரேட்டர் பிடிக்கிற பையன், பம்பு பைப்பை நகர்த்துகிறவர்கள் என்று சுற்றிலும் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் ஆந்திரா விஜயநகரம் பக்கத்துப் பையன்கள், தமிழ் அரைகுறை. ஆனால் மௌலிவாக்கம் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. 2014 ஜூன் 28-ஆம் தேதி, சென்னைக்குப் பக்கத்தில் அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்தபோது அடியில் சிக்கிச் செத்தவர்களில் பலர் ஆந்திராவின் வடகோடியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இவர்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். ஒரு பையன் மண்வெட்டியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

நான் சொன்னது: "சார், கீழே போய்ப் பேசலாம்."

அவர் சொன்னது: "கீழே போற நேரத்துக்கு லாரி காலியாயிரும்."

அவ்வளவுதான் சண்டை. கெட்ட வார்த்தை இல்லை, கைகலப்பு இல்லை. சைட்டில் இதைவிட மோசமாகப் பேசிக்கொள்கிறவர்கள் சாயந்திரம் ஒன்றாக டீ குடிப்பார்கள். இருந்தும் 2017 ஏப்ரலில் நடந்த இந்த மூன்று வாக்கியங்களை நான் எத்தனை முறை திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பெரும்பாலும் வண்டி ஓட்டும்போது. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

நடந்தது இது. 90 கியூபிக், அதாவது 90 கன மீட்டர் ஸ்லாப், எம் 25 தரக் கான்கிரீட். 6 கியூபிக் லாரி என்றால் 15 லாரி. பதினோராவது லாரி பைபாஸில் மாட்டிக்கொண்டது. பிளான்ட்டில் ஏற்றிய நேரம் சிலிப்பில் 4.10, எங்களிடம் வந்தபோது 6.30 ஆகிவிட்டது. ரெடிமிக்ஸை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது நாங்கள் எல்லாரும் படித்த விதி. ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், 120 மில்லிமீட்டர் இருக்கவேண்டியது 80 கூட இருக்காது, கண்ணுக்கே தெரிந்தது. பம்பு திணறியது. டிரைவர் இறங்கி வந்து, "சார், கொஞ்சம் தண்ணி விடட்டுமா?" என்று கேட்டார்.

நான் "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

இந்த ஒரு சொல்லில்தான் என் மொத்த வழக்கும் நிற்கிறது. 'பாத்துக்க' என்றால் ஜாக்கிரதையாக இரு என்றும் எடுத்துக்கொள்ளலாம், உன் இஷ்டப்படி செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். விடச் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட ஒரு சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அப்படியும் இல்லை. காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

கலவை இறுகிப்போனால் தண்ணீர் விடக்கூடாது, பலம் குறைந்துவிடும்; இளக வைக்கிற ரசாயனமான அட்மிக்சர்தான் அளந்து விடவேண்டும், அதுவும் க்யூ.சி. முன்னால். அட்மிக்சர் கேன் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் கீப்பர் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்லாப் போடுகிற நாளில் ஒரு கேனை வெளியே எடுத்து வைத்திருக்கவேண்டியது க்யூ.சி.யின் பொறுப்பு என்று நான் பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். செக்லிஸ்டில் அந்த வரிக்கு நேராக இருப்பது என் கையெழுத்து.

க்யூ.சி. அப்போது பத்தாவது லாரியிலிருந்து பலம் சோதிக்க எடுத்த கியூப்களை, அதாவது கான்கிரீட் கட்டிகளை, மூடி வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தால் டிரம்முக்குள் ஹோஸ். "பம்பை நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். பம்பு ஆபரேட்டர் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டார். சைட்டில் பம்பை நிறுத்தச் சொல்லும் உரிமை எக்ஸிக்யூஷனுக்குத்தான். அதனால்தான் அவர் மூன்று மாடி ஏறி என்னிடம் வரவேண்டியிருந்தது. மூச்சு வாங்க வந்தவர் வாயிலிருந்து வந்ததுதான் அந்த வாக்கியம். அதற்குள் பாதி லாரி, அதாவது சுமார் 3 கியூபிக், ஸ்லாபில் விழுந்துவிட்டது.

லாரியை நிறுத்தியது நான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைய ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதினேன்: "தாமதமாக வந்த லாரி கவனிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது." உண்மையில், அவர் சொன்னதைக் கேட்டு நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தபோது மேஸ்திரிதான், "சார், பம்பை நிறுத்தச் சொல்லட்டா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

மௌலிவாக்கத்தை அவர் இழுத்திருக்கக்கூடாது. இதை இப்போதும் சொல்வேன். விழுந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், டிவியில் காட்டினார்கள். ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வருஷம் கட்டட வேலையில் இருந்த எவனைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னாலும் கொலைகாரன் என்று சொன்னது போலத்தான். ஒரு லாரியில் கொஞ்சம் தண்ணீர் விட்டதற்கும் 61 உயிருக்கும் என்ன சம்பந்தம்? நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கியூபிக்குக்கு 340 கிலோ சிமெண்ட் என்றால் ஒரு லாரியில் 2,040 கிலோ. 30 லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் போனால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.015 ஏறும். ஒன்றுமே இல்லை. 100 லிட்டர் போயிருந்தால் 0.05. அது கொஞ்சம் இருக்கிறது. எத்தனை லிட்டர் போனது? யாரும் அளக்கவில்லை. என் கணக்கு எப்போதும் 30-இலேயே நின்றுவிடும்.

சரி, அவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு. இங்கே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஹெச்.ஆர். நடத்திய வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: பாராட்டுவதை எல்லார் முன்னாலும் பாராட்டு, குறை சொல்வதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். முதலில் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு நல்ல வார்த்தை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டு அதை அன்றைய ஸ்லாபுக்குப் பொருத்திப் பார்த்தேன். "சார், கம்பி அருமையா கட்டியிருக்கீங்க. லாரியில தண்ணி ஊத்திட்டிருக்காங்க. உங்க ஹெல்மெட் ரொம்ப நல்லா இருக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வகுப்பெடுத்த பெண் என்னவோ போலப் பார்த்தார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கு நேரம் வேண்டும். கான்கிரீட்டுக்கு அந்த நேரம் கிடையாது. 'கீழே போய்ப் பேசலாம்' என்று நான் சொன்னது நாகரிகமாகத்தான் இருந்தது. அதன் அர்த்தம், நாம் இறங்குகிற வரைக்கும் பம்பு ஓடட்டும் என்பது. அதை அவர் உடனே பிடித்துவிட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிவதற்கு முன்பே பிடித்துவிட்டார் என்பதுதான் எரிச்சல்.

அந்தப் பையன்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், அதைக் கேட்க அவர்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது என்றும் தோன்றியது. அடுத்த மாடிக்கு முட்டுக் கொடுக்கும்போது அந்த 3 கியூபிக்குக்குக் கீழேயும் மேலேயும் நிற்கப்போவது அவர்கள்தான். மறுபடி, பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது, நாளைக்கு நாலு பேர் வேலைக்கு வராமல் போனால் யார் பதில் சொல்வது என்றும் தோன்றும். யாரும் போகவில்லை. மறுநாள் எல்லாரும் வந்தார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது அவர் பேசியது இல்லை. ஒரு வாரம் கழித்து நான் பேசியது.

திங்கட்கிழமை ரிவ்யூ. பி.எம். (ப்ராஜெக்ட் மேனேஜர்), கிளையண்ட் பக்கத்து ஆள், பில்லிங், பிளானிங் எல்லாரும் இருந்தார்கள். க்யூ.சி. ஏழு நாள் கியூப் ரிசல்ட் வாசித்து முடித்தார். நான் ஸ்லம்ப் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். ஏழாவது லாரி 120, எட்டாவது லாரி 120. "இது ரெண்டும் நேர்ல அளந்ததா சார், இல்ல உட்கார்ந்த இடத்துல எழுதினதா?" என்று கேட்டேன். எட்டாவது லாரி வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். எல்லா சைட்டிலும் நடக்கிற விஷயம். நான் க்யூ.சி.யில் இருந்த காலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

அவர் மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மழுப்பினால் கேட்க அடுத்த கேள்வியும் வைத்திருந்தேன். அவர், "எட்டாவது அளக்கல. எழுதினதுதான். தப்புதான்" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. கிளையண்ட் ஆள் எதையோ குறித்துக்கொண்டார். பி.எம். சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் கணக்கு நேர் பண்ணிட்டீங்களா, அடுத்த பாயிண்ட் போலாமா?" என்றார்.

அவருக்கு என்னிடம் கத்த ஒரு நிமிடம்தான் இருந்தது. எனக்கு ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளில் எந்த ஒரு டீ நேரத்திலும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சார், இப்படி எழுதாதீங்க என்று சொல்லியிருக்கலாம். ரெஜிஸ்டர் எங்கேயும் ஓடிப்போகாது, இறுகியும் போகாது. ஏழு நாளும் நான் யோசித்தது எந்த இடத்தில் கேட்டால் நன்றாகப் படும் என்பதுதான். அதே சமயம், நான் கேட்டது உண்மை. பொய் ரீடிங் பொய் ரீடிங்தான். அவருடைய உண்மைக்கு இருக்கிற மரியாதை என்னுடைய உண்மைக்கு ஏன் இல்லை என்று வாதாடிப் பார்க்கிறேன். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு மாதத்தில் அவரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அதனால்தானா என்று தெரியாது. அந்த வருஷம் நிறையப் பேரை மாற்றினார்கள்.

28 நாள் ரிசல்ட் வந்தது. எல்லாம் பாஸ். நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியிடம்கூடக் காட்டினேன், அவருக்கு எதற்கு அது என்று தெரியவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்குப்படி 90 கியூபிக்குக்கு 5 சாம்பிள். எங்கள் 5 சாம்பிளும் 1, 4, 7, 10, 13-ஆம் லாரிகளில் எடுத்தவை. பதினொன்று அதில் இல்லை. அந்த பாஸ், தண்ணீர் விடாத கான்கிரீட்டுக்குக் கிடைத்த பாஸ்.

போவதற்கு முன்னால் அவர் பி.எம்.முக்கு ஒரு மெயில் போட்டிருந்தார், எனக்கும் காப்பி. அந்த 3 கியூபிக் விழுந்த இடத்தை, எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில் என்று கிரிட் எண்ணோடு குறித்து, கான்கிரீட்டில் அடித்துப் பலம் பார்க்கிற ரீபவுண்ட் ஹேமர் வைத்துப் பார்க்கச் சொல்லி. மெயிலில் தண்ணீர் என்ற சொல் இல்லை, என் பெயரும் இல்லை. 'தாமதமாக வந்த லாரி' என்று என் ரிப்போர்ட்டில் இருந்த அதே வார்த்தைகள். ஹேமர் லேபிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை. "பார்க்கலாம்" என்று பதில் போட்டேன். அப்புறம் பூச்சு வேலை வந்துவிட்டது.

ஏன் பார்க்கவில்லை என்றால், முதலில் வேலைப் பளு என்று சொல்வேன். அடித்துப் பார்த்து நம்பர் நன்றாக வந்திருந்தால் அவர் கத்தியது வீண் என்று ஆகியிருக்கும், எனக்கு நல்லதுதானே? இருந்தும் பார்க்கவில்லை. 3 கியூபிக்கால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. அதை ஸ்லாபில் அடித்துப் பார்க்கிற அளவுக்கு இல்லை போல. வீடுகளில் ஆட்கள் குடிவந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் மூன்றாம் மாடி பால்கனியைப் பார்ப்பேன். துணி காய்ந்துகொண்டிருக்கும்.

போன மாதம் இப்போதைய சைட்டில் ஸ்லாப் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே, ஹாப்பர் பக்கத்தில். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆன ஜூனியர் பையன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "சார், பம்பை நிறுத்தச் சொல்லுங்க சார்!" என்று கத்தினான். டிரைவர்கள், கிளையண்ட் சூப்பர்வைசர் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "கீழே வாப்பா, பேசலாம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

அவன் நல்ல பையன். உடனே இறங்கி வந்தான், நாலு மாடி. பீம் ஓரத்தில், கம்பியைத் தள்ளி நிறுத்துகிற கவர் பிளாக் நழுவிக் கம்பி ஷட்டர் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். ரெண்டு பேரும் மேலே ஏறிப் போனோம். அவன் கை காட்டிய இடத்தில் கலவை விழுந்து மூடியிருந்தது.