நாலு மைக்கும் ஒரு சாக்கு நூலும்: கோத்தகிரியில் டிரம் பதிவு

ஒருவழியாக டிரம் செட்டின் ஸ்னேர், அதாவது அடியில் கம்பி கட்டிய டிரம், ஸ்னேராகக் கேட்கிறது. ஹெட்ஃபோனில் மட்டுமல்ல, ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரிலும் அதே கனம். படுகப் பாட்டு ஒன்றுக்காக இதற்கு முன்பு எடுத்த டிராக்குகள் ஹெட்ஃபோனில் பிரமாதமாகத்தான் இருந்தன. வாட்ஸாப்பில் அனுப்பினால் வாசித்த தம்பியே, "அண்ணா, ஸ்னேர் எங்க போச்சு? பிஸ்கட் டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு" என்பான். எங்கள் ஊரில் பாட்டு பரவுவதே ஃபோனில்தான். அங்கே நிற்காத ஸ்னேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இண்டர்ஃபேஸில் நாலு இன்புட், அதனால் நாலே மைக். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஏகேஜி டி112, ஸ்னேருக்கு ஷூர் எஸ்எம்57, செட்டுக்கு மேலே ஓவர்ஹெட்டாக ஒரு ஜோடி சின்ன கண்டன்சர் மைக். மற்ற டிரம்களான டாம்களுக்குத் தனி மைக் கிடையாது. ஓவர்ஹெட் சரியாக நின்றால் டாம் தானாக வந்துவிடும் என்பது என் கட்சி. எட்டு இன்புட் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

அறை, முன்பு பச்சைத் தேயிலை மூட்டை அடுக்கிய குடோன். தலைக்கு மேலே ஏழரை அடியில் பலகை, அதற்கு மேல் தகரம். அகலமும் குறைவு. முதலில் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் முறையைத்தான் யோசித்தேன். அதில் ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே, இன்னொன்று தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால், ஹைஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தை) பார்த்து நிற்க வேண்டும். இந்த அறையில் ஃப்ளோர் டாமுக்கு அப்பால் இருப்பது சுவர். அங்கே மைக் வைத்தால் டாமை விடச் சுவர்தான் அதிகம் பதிவாகும்.

சிக்கல் ஓவர்ஹெட்டில்தான். படங்களில் இரண்டு மைக்கும் செட்டின் நடுவிலிருந்து இடமும் வலமும் சமமாக விலகி அழகாக நிற்கும். ஆனால் ஸ்னேர் செட்டின் நடுவில் இல்லையே, வாசிப்பவரின் இடது பக்கம் ஒதுங்கி இருக்கிறது. அதனால் வலது மைக்குக்கு அது தூரமாகிவிடும். 40 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குளிருக்கு ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. அந்த 40 சென்டிமீட்டரை இரட்டித்து 340-ஐ வகுத்தால் 425 ஹெர்ட்ஸ். இரண்டு மைக்கையும் மோனோவில், ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரில் போல ஒன்றாக, சேர்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழும், அதற்கு மேலேயும் வரிசையாக விழும். ஸ்னேரின் உடம்பு அங்கேயே போய்விடுகிறது. வேண்டிய ஹெர்ட்ஸை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் இல்லாததை ஏற்ற முடியாது.

(உயரமான ஊர், காற்று லேசு, அதனால் ஒலி மெதுவாகப் போகும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். இல்லை. ஒலியின் வேகத்தை மாற்றுவது குளிர்தான், உயரம் அல்ல. 20 டிகிரியில் 343 மீட்டர், 10 டிகிரியில் 337. மேட்டுப்பாளையத்துக்கும் நமக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.)

ஆகவே இரண்டு மைக்குக்கும் ஸ்னேர் சமதூரத்தில் இருக்கும் ரெக்கார்டர்மேன் முறை. முதல் மைக், ஸ்னேரின் நடுவிலிருந்து நேர் மேலே இரண்டு குச்சி உயரத்தில். 5ஏ அளவு டிரம் குச்சி 16 அங்குலம், ஆக சுமார் 81 சென்டிமீட்டர். இரண்டாவது மைக், வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலிருந்து ஸ்னேரைப் பார்த்து. இரண்டும் ஸ்னேரிலிருந்தும் ஒரே தூரம், கிக்கிலிருந்தும் ஒரே தூரம் இருக்க வேண்டும். டேப்பை வைத்து ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நகர்ந்துவிடும். அதற்குத்தான் நூல்.

நூலின் ஒரு முனையைக் கிக்கில் பீட்டர் (பெடலின் சுத்தி) அடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள், மறுமுனையை ஸ்னேரின் நடுவில். இடைப்பட்ட நூலை முதல் மைக்கின் முகம் வரை தூக்கி இழுத்து, முகத்தைத் தொடும் புள்ளியில் பேனாவால் ஒரு குறி. மைக் உடம்பின் நடுவில் அல்ல, முகத்தில். ஒலியை வாங்கும் கேப்சூல் இருப்பது அங்கேதான். பிறகு அந்தக் குறியை விரலில் பிடித்து, இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்துக்கொண்டே வலது தோள் பக்கம் கொண்டு போங்கள். குறி எங்கே நிற்கிறதோ அங்கே இரண்டாவது மைக்கின் முகம். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் மாறாததால் தூரமும் மாறாது. கணக்கு வேண்டாம், நூல் பார்த்துக்கொள்ளும்.

நூல் எது என்பது முக்கியம். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். எனக்கு ஒத்துவந்தது சாக்குத் தைக்கும் பருத்தி நூல். குடோன் மூலையிலேயே ஒரு உருண்டை கிடந்தது.

ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே போனால் கவலையில்லை, முதல் பள்ளம் 17,000 ஹெர்ட்ஸில் விழும். அதை யார் தேடப் போகிறார்கள்? 5 சென்டிமீட்டர் என்றால் 3,400-க்கு இறங்கி, ஸ்னேர் கம்பியின் சிலிர்ப்பைத் தின்றுவிடும். இங்கேதான் மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் ஸ்டாண்ட் மேல் எனக்குக் கோபம். ஆன்லைனில் வாங்கிய ஒன்று, விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு பாட்டு முடிவதற்குள் கழுத்து மெல்ல மெல்லத் தொங்கிவிடுகிறது. மூட்டின் உள்ளே ரப்பர் வட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி உள்ளே போட்டு, பூமின் பின்முனையில் மணல் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைக் கட்டிய பிறகு அசையவில்லை. கோயம்புத்தூர் போனால் கல்யாண மேடைகளுக்கு சவுண்ட் போடுகிறவர்களிடம் பழைய இரும்பு ஸ்டாண்ட் கேட்டுப் பாருங்கள். கனமாக இருக்கும், துரு இருக்கும், ஆனால் நிற்கும்.

சோதனை எளிது. இரண்டு ஓவர்ஹெட்டையும் மோனோவில் போட்டு, ஒன்றின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்புங்கள். ஸ்னேர் பாதாளத்துக்குப் போனால் தூரம் சரி. பாதி உடம்பு மிஞ்சினால் திரும்ப நூலை எடுங்கள். எனக்கு இந்த முறை கம்பிச் சத்தம் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான். பொலாரிட்டியைப் பழையபடி வைத்ததும் ஸ்னேர் நடுவில் வந்து உட்கார்ந்த அழகை நான் சொல்லிப் புரியாது. தம்பிக்கு மட்டும் ஒரு குறை, தோளுக்கு மேலே மைக் இருப்பதால் தலையை ஆட்டி வாசிக்க முடியவில்லையாம்.

ஸ்னேரின் எஸ்எம்57-ஐப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வளையத்துக்கு இரண்டு விரல் மேலே, நடுவைப் பார்த்து. முதுகை ஹைஹாட் பக்கம் திருப்புங்கள், அது முதுகில் காது கேட்காத மைக்.

கண்டன்சர் வைத்திருக்கும் மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூடுபனி நாளில் படபடவென்று பொரியும் சத்தம் வந்தால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள், கேப்சூலில் ஈரம். குளிர்ந்த மைக்கை ஆள் நிறைந்த அறையில் உடனே திறந்தால் கண்ணாடி போட்டவருக்கு நடப்பதுதான் அதற்கும் நடக்கும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, அப்புறம் திறந்து, அது வேலை செய்ய வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைக் கொடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் கட்டாயம். டிரம் தோலுக்கு இந்தக் கவலை இல்லை. 1950-களில் பிளாஸ்டிக் ஃபிலிம் தோல் வந்ததோடு கன்றுத்தோல் காலத்து ஈரத் தொல்லை தீர்ந்துபோனது. டிரம்மின் மர உடம்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், வாசிக்குமுன் டியூனிங் பார்த்தால் போதும்.

மிச்சம் இருப்பது கிக். டி112-ஐக் கிக்கின் முன்தோல் ஓட்டைக்குள் விட்டு பீட்டர் பக்கம் தள்ளினால் 'டிக்' மட்டும், ஓட்டை வாசலுக்கு இழுத்தால் வயிறு வருகிறது, கூடவே 400 ஹெர்ட்ஸ் பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தமும் வருகிறது. உள்ளே இருக்கும் தலையணையை எடுத்துவிட்டு, மடித்த கம்பளி ஒன்றை பீட்டர் பக்கத் தோலை மட்டும் தொடும்படி வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஸ்னேருக்கு அடியில் ஒரு மைக் என்று மனம் அலைகிறது. அதற்கு ஐந்தாவது இன்புட் வேண்டும், ஐந்தாவது இன்புட்டுக்குப் புது இண்டர்ஃபேஸ் வேண்டும், அதற்கு வீட்டில் சம்மதம் வேண்டும்.

வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் தகரத்துக்குக் கீழே ஒன்றும் நடக்காது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும் கிட்டத்தட்ட வீண். அதற்கு முன்பு கிக்கை முடித்துப் பாட்டு முழுவதையும் எடுத்துவிடப் பார்க்கிறேன். ஸ்டாண்டுகள் நின்ற இடத்தில் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். யாரும் துடைப்பம் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.